‘டெலீட் ஆயிடுச்சு’: அழித்தலின் இலக்கணம் பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழில் ‘அழி’ என்கிற ஏவலுக்கு இரண்டு முகம் உண்டு. ‘நீ அழிந்து போ’ என்பதும் ‘அதை அழித்துவிடு’ என்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன. காலம் காட்டுகிற இடத்துக்கு வந்த பிறகுதான் பிரிவு தெரியும். அழிந்தது, அழித்தது. ஒன்றில் மெல்லின ஒற்று, இன்னொன்றில் வல்லின ஒற்று. அந்த ஒற்றெழுத்து ஒன்றே, நடந்த காரியத்துக்குப் பொறுப்பாளி உண்டா இல்லையா என்பதைத் தீர்த்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த சங்கதிதான். மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிட்டோம்.

ஆங்கிலத்து ‘டெலீட்’ நம் பேச்சுக்குள் வந்து விழுந்தபோது, தமிழ் அதையும் இரண்டாக வெட்டிக்கொண்டது. ‘டெலீட் பண்ணிட்டேன்’ என்பது ஒன்று. ‘டெலீட் ஆயிடுச்சு’ என்பது மற்றொன்று. கடன் வாங்கிய சொல்லுக்குப் ‘பண்ணு’, ‘ஆகு’ என்று துணைவினை சேர்த்து நம் இலக்கணத்துக்குள் கொண்டுவருவது தமிழின் பழக்கம். இதில் வியப்பில்லை. எந்த இடத்தில் ‘பண்ணிட்டேன்’ வருகிறது, எந்த இடத்தில் ‘ஆயிடுச்சு’ வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேண்டாத படங்களை ஒழித்துக்கட்டி இடம் பிடித்தவர் ‘பண்ணிட்டேன்’ என்கிறார். கல்யாண வீடியோ போய்விட்டது என்றால் அதே ஆள் ‘ஆயிடுச்சு’ என்கிறார். அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல் போனால் ‘பண்ணிட்டேன்’ என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்தக் கோப்பை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே யோசித்து முடிவு செய்கிறோம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த நம்பிக்கை ஒரு புனைவு என்பதே என் வாதம். கோப்பின் மதிப்பை எடைபோட்டு எடுக்கும் முடிவுகள் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் ‘ஆயிடுச்சு’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. அந்தச் சொல்லுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

போன் நிரம்பிப்போவதெல்லாம் விமர்சனப் பத்திரிகையில் பேசுகிற விஷயமா என்று கேட்கலாம். 1994-இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில் தெரிதா, ஆவணக்காப்பகம் என்பதற்கான ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க மூலத்தைத் தோண்டுகிறார். அந்த மூலத்துக்குத் ‘தொடக்கம்’ என்றும் பொருள், ‘ஆணை’ என்றும் பொருள். ஆவணங்கள் இருந்த இடம் ஆட்சியாளர்களின் வீடு. அவற்றைக் காக்கவும் பொருள் சொல்லவும் அந்த வீட்டுக்காரர்களுக்கே உரிமை. காப்பகத்தின் மேல் பிடி இல்லாத அரசியல் அதிகாரம் கிடையாது என்பது அங்கிருந்து அவர் வந்து சேரும் இடம். இன்று ஆளுக்கொரு காப்பகம் சட்டைப் பையில் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அந்த வீட்டின் சாவி யாரிடம் என்று கேட்பது இலக்கிய விமர்சனத்துக்குள் அடங்காத கேள்வியாகிவிடாது.

2

முதுகலையில் சுவடியியல் படித்தவர்களுக்கு ஒரு சொல் பழக்கமாகியிருக்கும்: படியெடுத்தல். ஓலைக்கு ஆயுள் குறைவு. செல் அரிக்கும், பூச்சி துளைக்கும், ஈரம் ஏறினால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் நொறுங்கும். ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்கு யாராவது எழுத்தாணியால் மறுபடி கீறினால்தான் நூல் தங்கும். சும்மா இருந்தால் அழிவு நிச்சயம். வைத்திருக்க உழைப்பு வேண்டும், உழைப்புக்குக் கூலியோ பக்தியோ வேண்டும். எந்த நூலுக்கு அந்த உழைப்பு கிடைத்தது என்பதில் மடங்களுக்கும் புலவர் குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் பங்கு இருந்தது. யாருக்கும் படியெடுக்கத் தோன்றாத நூல், எவரும் கை வைக்காமலே ‘அழிந்தது’.

ஆனால் எல்லாமே அப்படி ‘அழிந்தவை’ அல்ல. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வந்த ‘என் சரித்திர’த்தில் உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனதைச் சொல்கிறார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகமம் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்று பதில் கிடைக்கிறது. இந்த இடத்தில் அந்தக் கிழவர் அடைந்த துயரத்தை மட்டுமே தமிழாசிரியர்கள் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஓமத்தில் இட்டவர்கள் ஏட்டை அவமதிக்க நினைத்தவர்கள் அல்லர். பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதால்தான் நெருப்பில் போட்டார்கள். ‘அழித்தோம்’ என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சடங்கு அந்தப் பிறவினையைத் தன்வினையாக மாற்றிக் கொடுத்திருந்தது.

‘எரி’ என்ற வினைக்கும் இதே இரட்டைத்தன்மை உண்டு. 1981 மே 31 இரவும் அதை ஒட்டியும் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நடந்ததை ‘எரிந்தது’ என்று எழுதுவதும் ‘எரித்தார்கள்’ என்று எழுதுவதும் ஒன்றா? ஒரு வல்லின ஒற்றுக்காக ஒரு சமூகம் பல பத்தாண்டுகள் வாதாட வேண்டியிருக்கிறது.

இன்று நிலைமை தலைகீழ். நம் கோட்பாட்டு எழுத்தில் ‘பிரதி’ என்று புழங்கும் சொல்லுக்கு ‘நகல்’ என்ற பொருளும் உண்டென்பதை மறந்துவிட்டோம். ஓலைக் காலத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்தன, நகல் எடுக்காவிட்டால் பனுவலே இல்லை. இலக்கக் கோப்புக்கு நகல் எடுப்பது செலவே இல்லாத காரியம். ஒரு படத்தைப் பார்ப்பதற்குள் போனில் ஒன்று, சர்வரில் ஒன்று, பேக்கப்பில் ஒன்று என்று நகல்கள் விழுந்துவிடுகின்றன. சும்மா இருந்தால் இப்போது எல்லாம் சேர்கிறது. அழிக்கத்தான் உழைப்பு வேண்டும்.

2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது ஒருவருக்கு ஒரு ஜிபி இடம் என்றார்கள். அப்போதைய இலவச அஞ்சல்கள் சில எம்பிக்களுக்குள் முடங்கிக் கிடந்தன. இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்பது அதன் விளம்பரம். தொடக்கத்தில் அழிக்கிற பொத்தான்கூட வெளியே தெரியாமல் பட்டியலுக்குள் புதைந்திருந்தது. இதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொண்டோம். பதினைந்து, பதினேழு ஆண்டுகள் கழித்து என்ன ஆயிற்று? 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாத இலவச இடம் நின்றது. ஆண்ட்ராய்டு போனிலிருந்து டிரைவுக்குப் போகும் வாட்ஸப் பேக்கப் அதுவரை கணக்கில் சேராமல் இருந்தது, 2024-இல் அதுவும் 15 ஜிபி கணக்குக்குள் வந்தது. முதலில் அழிக்காதே என்று பழக்கினார்கள். சேர்ந்த பிறகு, ஒன்று அழி, இல்லையென்றால் மாதாமாதம் பணம் கட்டு என்கிறார்கள். குடியேறும்போது சும்மா கொடுத்த வீட்டுக்குச் சாமான் நிறைந்ததும் வாடகை கேட்பதுபோல இது. சாமானோடு வேறு வீடு போவது சுலபமில்லை என்பது வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

3

இந்த நெருக்கடியைப் பற்றிப் பேசும் சொல்லாடல்கள் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் வை என்பது. 1945-இல் வன்னவர் புஷ் ஒரு மனிதனின் புத்தகங்கள், கடிதங்கள் அனைத்தையும் சேர்த்து வைக்கும் ‘மெமெக்ஸ்’ என்ற கருவியைக் கற்பனை செய்தார். மைக்ரோசாஃப்டில் கார்டன் பெல் தன் கடிதம், படம், தொலைபேசிப் பேச்சு எல்லாவற்றையும் இலக்கமாக்கித் தன் வாழ்வையே கோப்புகளாக மாற்றிக்கொள்ளும் முயற்சியில் இறங்கினார். இன்னொன்று, ஒழித்துக்கட்டு என்பது. ஜப்பானின் மாரி கொண்டோ 2011-இல் எழுதிய புத்தகம் உலகெங்கும் விற்றது. ஒரு பொருளைக் கையில் எடு, அது உனக்கு மகிழ்ச்சி தருகிறதா பார், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அதன் வழிமுறை. அலமாரிக்குச் சொன்னது இப்போது கேலரிக்கும் சொல்லப்படுகிறது.

மேலுக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டும் ஒரே தன்னிலையைக் கட்டமைக்கின்றன. நேரமுள்ள, தனி அறையுள்ள, தனக்கென்று ஒரு கருவியுள்ள, தன் பொருளைத் தானே ஆளுகிற ஒருவர். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார், தீர்ப்பளிக்கிறார். நடைமுறையில் அப்படி யார் செய்கிறார்கள்? மனிதர்கள் தம் இலக்கச் சேமிப்புகளை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று ஆராய்ந்த கேத்தரீன் மார்ஷல் 2008-இல் எழுதிய கட்டுரையில், பெரும்பாலோரின் வழிமுறையைத் தீங்கு நினையாத கவனிப்பின்மை என்கிற பொருள்படச் சொல்கிறார். போட்டு வைக்கிறார்கள், அவ்வளவுதான். எது போகும் எது தங்கும் என்பதை வட்டு கெட்டுப்போவதும் போன் மாற்றுவதும் பாஸ்வேர்டு மறந்துபோவதும் தீர்மானிக்கின்றன.

சரி, கட்டாயம் வந்து அழிக்கவே வேண்டும் என்றால்? அப்போதும் நாம் கோப்பைப் பார்ப்பதில்லை, பட்டியலைப் பார்க்கிறோம். போன் முதலில் பெரிய கோப்புகளை மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. பிறகு ஒரே மாதிரி இருப்பவை, மங்கலானவை, ரொம்ப நாளாகத் திறக்காதவை, திரைப்படிமங்கள். இந்த வகைப்பாட்டுக்கு ஒரு அழகியல் இருக்கிறது. தெளிவான, தனித்த, சின்னதான, அண்மையில் பார்த்த படமே நல்ல படம். கை நடுங்கி எடுத்த மங்கல் படம், ஒரே குழந்தையை ஏழு முறை எடுத்த படம், நீளமாகப் பேசிய வீடியோ எல்லாம் இந்த அழகியலில் தோற்கின்றன. ஒரு விமர்சகன் இப்படி ஒரு அளவுகோலை வைத்துக் கவிதைத் தொகுப்பு போட்டால் சும்மா விடுவோமா? இங்கே ‘பரிந்துரை’ என்ற பெயரில் வருவதால் விட்டுவிடுகிறோம்.

இந்த வகைப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2017 டிசம்பரில் கூகுள் போன் குப்பையை அகற்ற ஒரு செயலி வெளியிட்டது. இந்தியர்களின் போன்கள் ஏன் இப்படி நிரம்புகின்றன என்று ஆராய்ந்தவர்கள், அதிகாலையில் அனுப்பிக்கொள்ளும் காலை வணக்கப் படங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்களாம். அந்தப் படங்களை அடையாளம் கண்டு மொத்தமாக அழிக்கப் பரிந்துரைக்கும்படி அந்தச் செயலியைப் பயிற்றுவித்தார்கள். 2018 ஜனவரியில் இது அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தியாக வந்தபோது, இந்தியர்களின் காலை வணக்கத்தால் இணையமே அடைத்துக்கொள்கிறது என்ற தொனியில்தான் வந்தது.

ரோஜா, காப்பிக் கோப்பை, சூரிய உதயம், பிள்ளையார், ஓரத்தில் ஒரு பொன்மொழி. இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்காத படித்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்தச் சிரிப்பும் செயலியின் பரிந்துரையும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, இடம் மாறி நிற்கும் பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்று மேரி டக்ளஸ் 1966-இல் எழுதினார். எது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று விதிப்பவர் யாரோ அவரே அழுக்கையும் உண்டாக்குகிறார். சாதி நிறைந்த நம் சமூகத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

4

எம்.ஏ. படித்து என்ன பிரயோசனமோ, வீட்டில் எல்லோருடைய போனையும் துடைத்துக் கொடுக்கும் வேலை எனக்குத்தான். அப்படி ஒருமுறை அத்தையின் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெமரி ஃபுல். கேலரியில் பெரும்பகுதி காலை வணக்கங்கள். அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “எல்லாத்தையும் அழிச்சிருய்யா, பெரியப்பா அனுப்புனதை மட்டும் விட்டுரு” என்றாள். பெரியப்பா அவளுடைய மூத்த அண்ணன். இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தினமும் விடிகாலையில் தங்கைக்கு ஒரு படம் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். “ஒருநா வரலைன்னா நான் போன் போட்டுக் கேப்பேன்யா, என்னண்ணே, உடம்புக்கு என்னன்னு.”

சரி, பெரியப்பா அனுப்பியவை எவை? கேலரியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸப்பில் வந்து சேரும் படத்தின் கோப்புப் பெயரில் தேதி இருக்கிறது, அன்று எத்தனையாவது படம் என்று வரிசை எண் இருக்கிறது. அனுப்பியவர் பெயர் கிடையாது. பெரியப்பாவின் ரோஜாவும் யாரோ ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர் அனுப்பிய ரோஜாவும் பிக்சலுக்குப் பிக்சல் ஒன்றே. ‘இரட்டைப் பிரதி, ஒன்றை நீக்கலாம்’ என்று போன் சொல்கிறது. அது பொய் சொல்லவில்லை. அதனுடைய உலகத்தில் உறவு என்று ஒரு தகவல் பதிவாவதே இல்லை.

ரோமன் யாக்கப்சன் 1960-இல் மொழியின் செயல்களை ஆறாகப் பிரித்தபோது, தகவல் எதுவும் சொல்லாமல் தொடர்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற செயலுக்கு ஒரு தனி இடம் ஒதுக்கினார். ‘ஹலோ’, ‘கேக்குதா’, ‘ம்’, ‘சாப்பிட்டாச்சா’ வகை. காலை வணக்கப் படம் இந்த வகை. அதன் உள்ளடக்கம் ரோஜா என்று எடுத்துக்கொண்டு வாசிப்பது பிழையான வாசிப்பு. ‘இன்றைக்கும் இருக்கிறேன்’ என்பதுதான் அதன் பொருள். அத்தை வைத்துக்கொள்ள நினைத்தது ரோஜாவை அல்ல, பெரியப்பா உயிரோடு எழுந்த காலைகளின் வரிசையை. அந்த வரிசை கேலரியில் இல்லை, உரையாடலில் இருக்கிறது. கேலரியில் கோப்பை அழித்தால் உரையாடலில் ஒரு மங்கல் நிழல் மட்டும் தங்கும். அதைத் தொட்டால் அனுப்பியவரிடமே மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும்படி போன் யோசனை சொல்லக்கூடும்.

மனிதர்கள் கோப்பை வைப்பதும் அழிப்பதும் அதன் மதிப்பைப் பொறுத்து அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். இது யாரிடமிருந்து வந்தது, இதை யார் பார்ப்பார்கள் என்கிற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. முதல் கேள்வி அத்தையுடையது. இரண்டாவது கேள்வியை நம் வீட்டுப் பெண்கள் இன்னும் அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். 2018-இல் நித்யா சம்பாசிவனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பெண்கள் போனைக் கணவனோடும் பிள்ளைகளோடும் மாமியாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலையில் என்னென்ன செய்கிறார்கள் என்று காட்டுகிறது. பூட்டுப் போட்டால் ‘எதை மறைக்கிறாய்’ என்ற கேள்வி வரும். அதனால் அழிக்கிறார்கள். சிலர் ஒரு குறிப்பிட்ட செய்தியை, ஒரு குறிப்பிட்ட படத்தை மட்டும். சிலர் தேடல் வரலாறு மொத்தத்தையும்.

இந்த அழிப்பில் ஒரு வாசிப்பு இருக்கிறது. தன் போனைக் கணவன் கண்ணால் வாசித்துப் பார்த்து, அவன் தவறாக வாசிக்கக்கூடிய வரிகளை முன்கூட்டியே எடுத்துவிடுகிறாள். தோழியோடு சிரித்துப் பேசியது, அம்மாவிடம் அழுதது, வேலைக்கு விண்ணப்பித்தது. இப்படிக் கழித்த பிறகு மிஞ்சுவது ஒரு நல்ல மருமகளின் போன். நாளை ஒரு ஆய்வாளர் கைக்கு அது கிடைத்தால், தமிழ்ப் பெண்கள் சமையல் குறிப்பும் கோலமும் மட்டுமே பார்த்தார்கள் என்று எழுதக்கூடும். எச்சம் என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு இயலே இருக்கிறது. சொல்லாமல் விட்டதை முடிக்கும் சொல்லைக் கேட்பவர் தேடிச் சேர்க்க வேண்டும் என்கிற இலக்கணம் அது. இந்தப் போன்களை அந்த முறையில்தான் வாசிக்க முடியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எழுதப் பழகாதவர்களுக்கு வாய்ஸ் நோட் வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லாம் தங்கள் ஊர்ப் பேச்சில், தங்கள் மூச்சில் பேசி அனுப்புகிறார்கள். பாளையங்கோட்டையிலும் பிற இடங்களிலும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் டேப் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்து சேகரித்த பேச்சுத் தமிழைவிடப் பல மடங்கு இன்று போன்களில் கிடக்கிறது. கேட்டு முடித்த வாய்ஸ் நோட்டைத் திறந்து பார்க்காமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்குவதே வழக்கம். அதற்குத் தலைப்பு கிடையாது, தேடினால் கிடைக்காது. ஒரு எழுத்தாளரின் கடிதக் கட்டைக் கண்டால் பதறுகிற நாம், இதற்குப் பதறுவதில்லை.

5

வைத்திருப்பது மட்டும் காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. தமிழில் கணினி அச்சுக்கோப்பு வந்த காலத்தில் தட்டச்சு செய்த எத்தனையோ கோப்புகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாக ஓடும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் அரைப்புள்ளிகள் மழைபோலக் கொட்டும். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்று தரங்கள் வந்தன. உலகத் தமிழர்கள் டிஸ்கியில் எழுதினார்கள். 1991-லிருந்தே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், தமிழக அரசு அதை ஏற்க 2010 ஆயிற்று. இடையில் சிக்கிய கோப்புகளை யாரும் ‘அழிக்கவில்லை’. அவை ‘அழியவும்’ இல்லை. வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துக் குப்பை என்று நீக்குகிறவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

இதிலிருந்து தப்பியவை எப்படித் தப்பின? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் மயிலை எழுத்துருவிலும் பிறகு டிஸ்கியிலும் பிறகு யூனிகோடிலுமாக நூல்களை மாற்றி மாற்றி வைத்தது. அதாவது மறுபடியும் படியெடுத்தல். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடி வைக்கிறது. நெருப்புக்குப் பின் வந்த உழைப்பு அது. நகலெடுப்பது செலவற்றது என்று சற்று முன் சொன்னேன். நகல் விழுவதற்குத்தான் செலவில்லை. அடுத்த தலைமுறை வாசிக்கும்படி நகல் எடுப்பதற்கு ஓலைக் காலத்து உழைப்பு இன்றும் தேவைப்படுகிறது, அதையும் பெரும்பாலும் கூலியில்லாத கைகளே செய்கின்றன.

அடுத்தவன் வீட்டில் வைத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கும் கதைகள் உண்டு. 2009 அக்டோபரில் யாகூ, ஜியோசிட்டீஸை மூடியது. தொண்ணூறுகளில் இலவச இடம் வாங்கிச் சாதாரண ஆட்கள் கட்டிய பக்கங்கள் ஒரே நாளில் போயின. தன்னார்வலர் குழு ஒன்று ஓடிப்போய் வாரிக்கொண்டதால் ஒரு பகுதி மிஞ்சியது. மைஸ்பேஸ் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களைச் சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. பதிவேற்றியவர்களில் பலருக்கு வேறு நகல் இல்லை. இரண்டு ஆண்டு திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறை. செத்துப்போனவர் கணக்கைத் திறக்க மாட்டார் என்பது வெளிப்படை. யார் கோப்பு அதிக காலம் இருக்கும் என்பது யாருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த பிள்ளை இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிறது.

6

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்று நான் கூப்பாடு போடுவதாக நினைக்க வேண்டாம். அழிக்கிற உரிமை வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதம், ஒருவரைப் பற்றிய பழைய செய்தியைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை, போனைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணுக்கு எல்லோரையும்விட அதிகம் தேவை. சிக்கல் என்னவென்றால், அவள் செய்வதற்கும் அதிகாரம் செய்வதற்கும் ஒரே சொல் புழங்குகிறது.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் அங்கே போன நீதித்துறை நடுவரின் அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது. நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவின் வட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழிந்துபோகும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. தேவைப்பட்ட நாளின் காட்சி இல்லை.

‘தானாக அழியும்படி’ என்ற தொடரைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ‘தானாக’ என்பது தன்வினை. ‘படி’ என்பதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. இடம் போதாமல் நடந்த அழிவல்ல அது, இடம் ஏராளம். என் அத்தையின் போனில் இடமே இல்லாத நிலையிலும் ஒரு படத்தைக் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது. இங்கே இடம் சும்மா கிடக்க, ஒவ்வொரு நாளும் துடைக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது ‘ஆயிடுச்சு’ என்று சொல்ல முடியாதபடி ஒரு கால எல்லை போட்டது. அந்த எல்லைக்குள் ஒரு பதிவு காணாமல் போனால் யார் பண்ணினார்கள் என்று கேட்க இடமுண்டு.

பலவீனமானவர் அழிப்பது தன்னைக் காத்துக்கொள்ள. வலுவானவர் அழிப்பது பிறர் தன்னைக் கேள்வி கேட்காதிருக்க. வலுவானவர் வைத்திருப்பதும் அப்படித்தான்: நாம் அழித்த பிறகும் நம்மைப் பற்றிய தரவு எங்கோ ஒரு சர்வரில் தங்குகிறது. ஃபிராய்ட் 1925-இல் குழந்தைகளின் மேஜிக் சிலேட்டைப் பற்றி எழுதினார். மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறையும், அடி மெழுகில் கீறல் இருக்கும். நினைவின் அமைப்பு அது என்றார். இன்று மேல்தாள் நம் கையில் இருக்கிறது, மெழுகு வேறொருவர் கையில் இருக்கிறது.

விமர்சகர்கள் ‘பிரதி’களை வாசிப்பதில் தேறியிருக்கிறோம். இனி வாசிக்க வேண்டிய பிரதிகளில் அமைப்புப் பட்டியல் ஒன்று. ‘30 நாளுக்குப் பின் நீக்கப்படும்’, ‘பரிந்துரைக்கப்படுபவை’, ‘தேவையற்ற கோப்புகள்’ முதலிய வாசகங்களில் எழுவாய் எங்கே என்று தேட வேண்டும். ‘நீக்கப்படும்’ என்றால் யாரால்? ‘தேவையற்றவை’ என்றால் யாருக்கு? சிறுபத்திரிகை நடத்துகிறவர்களும் இதற்கு வெளியே இல்லை. எந்தெந்தக் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினோம், எந்தக் கடிதங்களை நீக்கினோம், எந்தக் கோப்பைப் புதிய குறியேற்றத்துக்கு மாற்றினோம், எதை விட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எல்லாவற்றையும் வைக்க எவராலும் ஆகாது. கழித்தவற்றின் பட்டியலையும் கழித்தவர் பெயரையும் வைக்க ஒரு பக்கம் போதும். அதைச் செய்யாத வரை நம்முடைய இலக்கிய வரலாறும் ‘டெலீட் ஆயிடுச்சு’ என்ற வாக்கியத்தில்தான் எழுதப்படும்.